குடிபெயர்வோர் இல்லம்

வீடு என்னும் சொல் விடு என்னும் வினையினின்று பிறந்தது. விட்டுச் செல்லப்படுவதே வீடு என்று எவரேனும் வேடிக்கையாகப் பொருள் கூறினால், அரசுப் பணியாளர் பலர் அதனை உடனே ஒப்புக்கொள்வர். புகைவண்டித் துறை, காவல் துறை, வங்கி முதலியவற்றில் பணிபுரிவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றனர். மாறுதல் ஆணை வருகிறது. பாத்திரங்கள் சாக்கில் கட்டப்படுகின்றன. பிள்ளைகள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் பெறுகின்றனர். சுவரில் மாட்டியிருந்த படங்கள் இறங்குகின்றன. பத்து ஆண்டுகளில் நான்கு ஊர்களைக் கண்ட குடும்பங்கள் அரியன அல்ல.

இத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பழக்கம் வேரூன்றிவிடுகிறது. புதிய வீட்டிற்கு வந்ததும் இன்றியமையாத பொருள்களை மட்டும் வெளியே எடுக்கின்றனர். மற்றவை கட்டுப் பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கின்றன. “அடுத்த ஆண்டு போக வேண்டியவர்கள்தாமே!” என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பெட்டிக்குள் இருப்பவை பாத்திரமும் புத்தகமும் மட்டும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அவற்றோடு பிள்ளைகளின் நாள்களும் அல்லவா கட்டுண்டு கிடக்கின்றன! விரைவில் பிரிய வேண்டியிருக்கும் என்று அஞ்சி, அண்டை வீட்டுப் பிள்ளையோடு பழகத் தயங்கும் சிறுவனுக்கு அந்த ஆண்டின் விளையாட்டு பின்னர் எவ்வூரிலும் திரும்பக் கிடைப்பதில்லை. சொந்த வீடு கட்டிய பிறகு நிம்மதியாக வாழலாம் என்று காத்திருப்போர், அவ்வீடு முடியும் நாளில் பிள்ளைகள் வளர்ந்து வேற்றூருக்குச் சென்றிருக்கக் காண்பர்.

ஆதலின், வந்த முதல் வாரத்திலேயே கட்டுகளை எல்லாம் பிரித்துவிடுதல் நன்று. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. புதிய வீட்டைப் புதிய அலங்காரப் பொருள்களால் நிரப்புவோரும் உளர். அது வீண் செலவு. பாட்டி காலத்துச் செம்பும் ஓரம் கிழிந்த பாயும் செய்வதைக் கடைப்பொருள் செய்ய இயலாது. விளக்கு மாலைதோறும் அதே வேளையில் ஏற்றப்பட்டு, இரவில் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்டால், ஊர் மாறினும் வீடு மாறவில்லை என்று குழந்தை உணரும்.

குடிபுகும் நாளில் பால் காய்ச்சும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அதனை மங்கலச் சடங்கு என்று மட்டும் கொள்வது போதாது. அடுப்பு எரிந்த பின்னரே நான்கு சுவர்களுக்கு உயிர் வருகிறது. சிலப்பதிகாரத்தில் இதற்கு அரியதொரு சான்று உள்ளது. புகாரில் செல்வச் செழிப்பில் வளர்ந்த கண்ணகி, கணவனோடு நெடுவழி நடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைகிறாள். கவுந்தியடிகள் அவர்களை ஆயர்குல முதுமகளான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். செம்மண் பூசிப் பந்தலிட்ட சிறிய வீடொன்று அவர்களுக்குக் கிடைக்கிறது. நல்ல கலங்களும் அரிசியும் காய்களும் வந்து சேர்கின்றன. கண்ணகி காய் அரிகிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலிட்டு அடுப்பு மூட்டித் துணை நிற்கிறாள். மென்மையான விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்களும் சிவக்கின்றன. பின்னர்க் கோவலனை ஓலைத் தடுக்கில் அமர்த்தி, வாழைக் குருத்தில் உணவு படைக்கிறாள். அவ்வீடு அவளுடையது அன்று. அங்கே எத்தனை நாள் தங்குவர் என்பதும் அவள் அறியாள். உண்டு முடித்த கோவலன் சிலம்போடு சென்றான், திரும்பவில்லை. புகாரின் மாளிகையில் அவர்கள் உண்ட உணவைப் பற்றி இளங்கோவடிகள் இவ்வளவு விரிவாகப் பாடவில்லை என்பது நினைக்கத் தக்கது.

கண்ணகிக்கு ஓர் ஐயை வாய்த்தாள். குடிபெயர்வோர்க்கு அண்டை வீட்டாரே பெருந்துணை. நாகப்பட்டினத்தில் இருந்த புகைவண்டித் தொழிற்சாலை 1928ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. கடற்காற்றை விட்டு உள்நாட்டு வெயிலுக்கு வந்த தொழிலாளர்க்கு, உடன் வந்த தோழர்கள் ஆறுதலாய் இருந்திருப்பர். தனியே மாற்றப்படும் குடும்பத்திற்கு அத்தகைய ஆறுதல் இல்லை. அது தானே சென்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நல்ல தண்ணீர் எங்குக் கிடைக்கும் என்று கேட்பதே நட்பின் தொடக்கமாகிவிடும்.

செடி நடுவதில் சிலர்க்குத் தயக்கம் உண்டு. வாடகை வீட்டில் மரம் வைத்தால் பயன் பிறர்க்கன்றோ என்பர். இது நேர்மையான ஐயமே. கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்தால் வண்டியில் ஏற்றி உடன் கொண்டு செல்லலாம். முருங்கையோ, கொம்பை வெட்டி நட்டாலே தழைத்து, ஓராண்டு அளவில் காய்க்கத் தொடங்கும். நட்டவர் அதற்குள் மாறுதல் பெற்றுவிடினும், சென்ற ஊரில் வேறொருவர் நட்ட மரம் கொல்லையில் நிற்கக் கூடும். அடுத்துக் குடிவரும் பெண்ணிடம் சாவியைக் கொடுக்கும்போது, முருங்கையின் எந்தக் கிளையை எப்பொழுது வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வண்டியேறும் தாய்மார்கள் இருக்கின்றனர்.