மறைந்தவர் குரலைத் திருத்தலாமா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பாடகி செலீனா. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். ஸ்பானிஷ் பாட்டுகளை உச்சரிப்பைக் கேட்டே பாடப் பழகினார். அதில் புகழ் பெற்ற பின்பும், ஆங்கிலத்தில் ஓர் இசைத்தட்டு வெளியிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1995 மார்ச் 31-ல், 23 வயதில், தம் ரசிகர் மன்றத் தலைவியாக இருந்த பெண்ணாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

'டிரீமிங் ஆஃப் யூ' என்ற காதல் பாட்டை அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பாடிப் பதிவு செய்திருந்தார். ஜூலையில் அதே பெயரில் இசைத்தட்டு வந்தது. பில்போர்டு பட்டியலில் முதல் வாரமே முதலிடம். சாவைக் காசாக்கினார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவரே ஆசைப்பட்டுப் பாடியதைப் பெட்டியில் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? வெளியிட்டதே முறை.

2022-ல் நடந்தது வேறு. அவர் சிறுமியாக இருந்தபோது பாடியவற்றை, வளர்ந்த பெண்ணின் குரல்போலக் கருவியால் மாற்றிக் குடும்பத்தார் வெளியிட்டார்கள். சம்மதம் கேட்க ஆள் இல்லை. குடும்பத்துக்கு உரிமை உண்டு. உரிமைக்கும் எல்லை உண்டு. மறைந்தவர் விட்டுச் சென்றதை உலகுக்குக் கொடுக்கலாம். விட்டுச் செல்லாததை அவர் பெயரில் உண்டாக்கலாகாது.