காய்ச்சலுக்கு ஒரு மணி நேரம்

கீமோ எடுத்து மீண்டவர்களும், அவர்களுக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவர்களும், வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் செவிலியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் முதன்மைக் கோரிக்கை ஒன்றுதான். கீமோவில் இருப்பவர் காய்ச்சலோடு வந்தால், மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் நரம்பில் ஏறியிருக்க வேண்டும். சென்னையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தத் தாலுகாவிலும், நள்ளிரவிலும்.

ஏன் இந்த அவசரம்? புற்றணு எது, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளையணு எது என்று கீமோ மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகுவது எல்லாவற்றையும் அது அடிக்கும். பெரும்பாலான மருந்துகளில், ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகின்றன. வார்டில் இதை ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்பார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் 500க்குக் கீழே போய்விட்டால், குடலில் சும்மா கிடக்கும் கிருமியே ரத்தத்தில் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். சீழ் கட்டுவதற்குக்கூட அணுக்கள் இருக்காது; வீக்கம் தெரியாது, சளியும் பெரிதாக இருக்காது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த ஒன்றையும் பாராசிட்டமால் கொடுத்து நாமே மறைத்துவிடுகிறோம்.

அந்த ஒரு வாரம் நோயாளி எங்கே இருக்கிறார்? வீட்டில். கீமோ ஏறியது சென்னையிலோ மதுரையிலோ. காய்ச்சல் வருவது திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்தில், இரவு பதினோரு மணிக்கு. ‘விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம்’ என்கிறார் வீட்டுப் பெரியவர். காலையில் மருந்துக் கடையில் மூன்று வேளைக்கு மாத்திரை. மாலையில் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி, ஒரு பாட்டில் டிரிப்ஸ். மறுநாள் 108 கொண்டுபோய் இறக்கும் மருத்துவமனையில், ‘ட்ரீட்மென்ட் எடுத்த இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த டியூட்டி டாக்டரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவர் ஒற்றை ஆளாக நிற்கிறார். அவர் கையில் கொடுக்கப்படும் தடித்த ஃபைலில், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்த நோய்க்கு வைத்தியம் உண்டு என்று நம்பவைப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று மருந்து கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. ஆனாலும், ரத்தப் புற்று குணமாகக்கூடிய குழந்தைகள் சிகிச்சையின் நடுவே கிருமித் தொற்றில் இறந்துபோகிறார்கள். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டுவிட்ட சாவு இது. ‘கேன்சர்ல போயிட்டான்’ என்று ஊர் பேசுகிறது. அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை.

இன்னொரு சிக்கல் மருந்திலேயே இருக்கிறது. நம் வார்டுகளில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் பல, வழக்கமான மருந்துகளுக்கு மசிவதில்லை. மெரோபெனம் போன்ற வலுவான மருந்துகளையும் முறியடிக்கும் என்டிஎம்-1 என்ற நொதி சென்னைக் கிருமி மாதிரிகளிலும் இருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ இந்த ஆபத்தைத்தான் பேசியது. பிறகு 2014இல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கட்டுப்பாடு வந்தது. 2019இல் கோழித் தீவனத்தில் கோலிஸ்டினுக்குத் தடை வந்தது. சட்டம் இருக்கிறது, கடைக்காரர் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்! ஆகவே சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதையும் எதிர்ப்போம். ஊசி உடனே வேண்டும் என்பவர்களே வேண்டாம் என்றும் சொல்கிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். ஜலதோஷத்துக்கு வீணடித்த மருந்துதான் கவுண்ட் இறங்கியவருக்கு வேலை செய்யாமல் போகிறது.

கீமோ தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை எல்லோருக்கும் நடக்க வேண்டும். உடலில் உறங்கும் அந்த வைரஸ் சிகிச்சையின்போது விழித்துக் கல்லீரலைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில் என்பதால் டிபியையும் தேடிப் பார்க்க வேண்டும். அதே சமயம், கழுத்துக் கட்டிக்குச் சதைப் பரிசோதனை செய்யாமலே மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்து, கடைசியில் லிம்போமா என்று தெரியவரும் கொடுமையும் ஓய வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நலம் விசாரிக்க ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிவந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து, இருமிக்கொண்டே ‘எப்படிம்மா இருக்க?’ என்று தலையைத் தடவும் பெரியப்பாவை யார் தடுப்பது? மனம் நோகும்தான். தடுப்போம். வாசலில் சோப்பும் தண்ணீரும் வைப்போம். சளி பிடித்தவர்கள் போனில் விசாரித்தால் போதும். கழுவிய பழத்தையும் நன்றாக வெந்த சோற்றையும் மறுத்து நோயாளியைப் பட்டினி போடும் பத்தியத்தையும் கைவிடுவோம்.

அரசிடம் நாங்கள் கேட்பவை பிரம்மாண்டமானவை அல்ல. கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தர்மாமீட்டரும் ஓர் அட்டையும் கொடுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே கிளம்பச் சொல்லி அதில் தமிழில் எழுதியிருக்கட்டும். மறுபக்கத்தில் டியூட்டி டாக்டருக்கான குறிப்பு: என்ன கீமோ, எந்தத் தேதி, எந்த மருந்தில் தொடங்குவது, யாரைப் போனில் கூப்பிடுவது. ரத்தக் கல்ச்சர் எடுக்க வசதி இருந்தால் எடுக்கட்டும். இல்லையென்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் டோஸ் போட்ட பிறகு வேறு இடத்துக்கு அனுப்பட்டும். அந்த ஊசி ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இருப்பில் இருக்க வேண்டும்.

உறுப்பினராகச் சந்தா இல்லை, ஒரு வேலை உண்டு. அவரவர் தாலுகா மருத்துவமனைக்கு நேரில் போய், இரவு இரண்டு மணிக்கு அந்த ஊசி அங்கே இருக்குமா, போட ஆள் இருக்குமா, ஸ்டோர் சாவி யாரிடம் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வரவேண்டும். வருகிற பதில்களை மாவட்டவாரியாகத் தொகுத்துச் சுகாதாரத் துறைச் செயலாளரிடம் கொடுப்போம். அதன் நகல் எல்லாக் கீமோ வார்டுகளின் வாசலிலும் ஒட்டப்படும்.