ஒரே கிண்ணம் எல்லாத் தலைக்குமா?

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், மூன்று விதத் தலைமுடி. எண்ணெய்க் கிண்ணம் மட்டும் ஒன்று. சுருட்டை முடிக்காரியான என் அக்காவுக்கு அது அமிர்தம். அத்தனை வளைவுகளைத் தாண்டி மண்டையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காதே! என் மெல்லிய நேர்முடியிலோ அதே அளவு பிசுபிசுவென்று படிந்துவிடும். தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயோ மினரல் ஆயிலோ அதைச் செய்யவில்லை. குளிப்பதற்கு முன்பே தடவினாலும் அந்தப் பலன் கிடைக்கும். ஆனால், பொடுகுத் தலையில் இரவு முழுக்க எண்ணெயை ஊறவைப்பதை நான் எதிர்க்கிறேன். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. ரோஸ்மேரி, டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள் வேறு ரகம்: செடியிலிருந்து வடித்தெடுத்த கடுஞ்செறிவு. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். ‘இயற்கைதானே’ என்று அப்படியே உச்சியில் தேய்த்து, மண்டை சிவந்து எரிய அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். குப்பியின் மேல் பச்சை இலைப் படம்தான் இருந்தது, எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை.