போனவன் திரும்பி வந்தால் யார் வெளியே உட்காருவது?

போன வாரம் எங்கள் தாமான் காற்பந்துக் குழுவின் புலனத்தில் நள்ளிரவு வரை சண்டை. தீபாவளிக்கு முன்னால் நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்கு, மூன்று வருடத்துக்கு முன் எங்களை விட்டுக் கோலாலம்பூர்க் குழு ஒன்றுக்குப் போன ஆட்டக்காரனைத் திரும்பக் கூப்பிடலாமா, வேண்டாமா என்பதுதான் விவகாரம். புக்கிட் செந்தோசாவில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. இடது காலால் அவன் அடித்த ஒரு கோலைப் பற்றி மாமாக் கடையில் இன்னமும் பேசுகிறார்கள். பந்து போன தூரம் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.

வேண்டாம் என்றவர்கள் ரொனால்டோவைக் காட்டினார்கள். 2021இல் மென்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் 24 கோல் போட்டார். குழுவோ லீக்கில் ஆறாவது இடம். அடுத்த வருடம் நவம்பரில் மனக்கசப்போடு பிரிந்தார்கள். வரட்டும் என்றவர்களில் ஒருவன் கூடைப்பந்துப் பைத்தியம். ராசா நிலையத்தில் ரயிலேறி வேலைக்குப் போகிற பையன். “லெப்ரோன் ஜேம்ஸ் கிளீவ்லாண்டுக்குத் திரும்பல? கிண்ணம் வாங்கிக் கொடுக்கல?” என்று கேட்டான். பிறகு யாரோ அஸ்வினை இழுத்தார்கள். அதோடு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அஸ்வின் விஷயம் நமக்குத் தெரியாததல்ல. சென்னைப் பிள்ளை. சென்னை சூப்பர் கிங்ஸில் வளர்ந்து, 2010லும் 2011லும் கிண்ணம் வென்ற குழுவில் இருந்தவர். 2016, 2017 இரண்டு வருடம் சென்னைக் குழு தடை செய்யப்பட்டிருந்தது. 2018இல் திரும்பி வந்தபோது அஸ்வின் ஏலத்தில் பஞ்சாபுக்குப் போனார். பிறகு டில்லி, பிறகு ராஜஸ்தான். 2024 நவம்பர் ஏலத்தில் சென்னை அவரை 9.75 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது, இங்கே என் வீட்டில்கூட கைதட்டல் கேட்டது. அடுத்த மாதமே ஆஸ்திரேலியத் தொடரின் நடுவில், 537 டெஸ்ட் விக்கெட்டோடு, அனைத்துலக ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். கடைசிக் காலத்தைச் சொந்த ஊர்த் திடலில் முடிக்கப் போகிறார்; இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா?

கதை பொருத்தமாகத்தான் இருந்தது. ஆட்டம் பொருந்தவில்லை. 2025இல் அவர் ஆடியது 9 ஆட்டம், எடுத்தது 7 விக்கெட். பாதியிலேயே குழுவிலிருந்து ஒதுக்கப்பட்டார். சென்னை பத்தாவது இடத்தில், கடைசியாக முடித்தது. அவர்கள் வரலாற்றில் அதுதான் முதல் முறை. அந்த ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லுக்கும் விடை கொடுத்துவிட்டார்.

இதற்கு வயது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதே குழுவில் ஜடேஜா ஏற்கெனவே இருந்தார். அதே ஏலத்தில் ஆப்கானிஸ்தான் இளைஞர் நூர் அகமதை 10 கோடிக்கு வாங்கியிருந்தார்கள். மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். யாருக்கு என்ன வேலை? பருவத்தின் நடுவில் அஸ்வினின் யூடியூப் பக்கத்தில் பேச வந்த ஒருவர், நூர் அகமதைச் சேர்த்ததையே குறை சொன்னார். அது பெரிய சர்ச்சையாகி, சென்னை ஆடும் ஆட்டங்களைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று அந்தப் பக்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த நூர் அகமது அந்தப் பருவத்தில் எடுத்தது 24 விக்கெட். வீட்டுக்குத் திரும்பிய மூத்தவரின் பெயரைச் சொல்லி, வீட்டில் இப்போதுதான் நுழைந்த சின்னவனின் இடம் பேச்சுக்கு வந்தது. இரண்டு பேருமே அதைக் கேட்டு வாங்கவில்லை.

லெப்ரோன் கதையிலும் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. அவர் பிறந்தது கிளீவ்லாண்டுக்குப் பக்கத்து எக்ரோன் நகரம். 2010இல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மயாமிக்குப் போகிறேன் என்றார். ஊரார் அவர் சட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அங்கே 2012, 2013 இரண்டு வருடமும் வென்றுவிட்டு, 2014 ஜூலையில் பத்திரிகையில் ஒரு கடிதம் எழுதித் திரும்பினார். கிண்ணம் வருமென்று வாக்குக் கொடுக்க முடியாது என்று அதிலேயே சொல்லிவிட்டார். 2016இல் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தில் 93-89 என்று வென்றார்கள். அந்த ஊருக்குப் பெரிய விளையாட்டுகளில் 52 வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. கொளுத்தியவர்களே அழுதார்கள்.

ஆனால் 2014இல் அந்தக் குழு முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த ஒரு பையன் இருந்தான். என்ட்ரூ விக்கின்ஸ், 19 வயது. லெப்ரோனின் கடிதத்தில் குழுவினர் சிலரின் பெயர் இருந்தது. இவன் பெயர் இல்லை. கிளீவ்லாண்டுக்காக ஒரு பருவ ஆட்டம்கூட ஆடாமல், ஆகஸ்டிலேயே மின்னசோட்டாவுக்கு மாற்றப்பட்டான். பதிலுக்கு வந்தவர் கெவின் லவ். கணக்குப் பார்த்தால் குழு செய்தது சரி, கிண்ணமே வந்துவிட்டதே. (விக்கின்ஸும் 2022இல் வேறு குழுவோடு வென்றுவிட்டான் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.)

எனக்கு ஏன் இந்தப் பையன்கள் மேல் இத்தனை கரிசனம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இருபது வயதில் ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் அந்தத் தொழிற்சாலைக் குழுவுக்கு ஆடினேன். மூன்றாம் வருடம் தீபாவளிப் போட்டிக்குத் தோட்டத்துக் குழுவில் கூப்பிட்டார்கள். புது பூட்ஸோடு போய் இறங்கினேன். என் இடத்தில் அந்த இரண்டு வருடமும் ஆடியவன் எங்கள் லயத்துப் பையன். விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு, சாயங்காலம் திடலுக்கு வருவான். ஆட்டத்தன்று காலையில், அவன் சட்டையை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். வென்றோம். ஆடு வெட்டி, தோட்டத்து மண்டபத்தில் விருந்து. அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. விருந்துக்கு வரவில்லை. அதன்பிறகு திடலுக்கும் வரவில்லை.

தோட்டம் போய்ச் செம்பனை வந்து, ஆளுக்கொரு தாமானாகச் சிதறிய பிறகு, ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறான், பேரப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தான். பழைய ஆட்டங்களைப் பேசினோம். நடுவில், “நீ வந்த வருசம்தானே அந்தக் கிண்ணம்?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதனால் மறுநாள் குழுத் தலைவன் என்னைக் கடையில் பிடித்து, “என்னண்ணே சொல்றீங்க, கூப்பிடலாமா?” என்று கேட்டபோது, கூப்பிடு என்றுதான் சொன்னேன். வெளியே போனவன் துரோகி அல்ல. பெரிய குழுவில் நாலு விஷயம் கற்றிருப்பான். வேலை தேடி ஊரை விட்டுப் போவதை நம் வீட்டுப் பிள்ளைகள் யார்தான் செய்யவில்லை? பதினேழு வயசில் ஒருவன் மூன்று வருடமாக அந்த இடத்தில் ஆடுகிறானே, அவனிடம் பேசினாயா என்று கேட்டேன்.

“அவன் ஒன்னும் சொல்ல மாட்டாண்ணே, சின்னப் பையன்.”

“அதனாலதான் கேக்குறேன்” என்றேன்.

அவனிடம் முதலில் நேரில் சொல்ல வேண்டும், புலனத்தில் அல்ல. திரும்பி வருபவன் பயிற்சிக்கு வந்து இடத்தைப் பிடிக்கட்டும். பிடிக்கும்வரை இடம் பையனுடையது. வந்தவனை நடுவில் போட்டு, பையனை இடது பக்கமே ஓடவிட்டால் என்ன? மூன்று வருடம் கழித்து வருபவன் பழைய ஆள்தானா என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது. தலைவன் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே இருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, “பையன்கிட்ட நீங்களே பேசிடுங்கண்ணே” என்றான்.

அன்று இரவே பையனை அழைத்தேன். விஷயம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. புலனத்தில் அவனும்தானே இருக்கிறான். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் இருந்திருக்கிறான்.

“ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்குப் பயிற்சி, வந்துடு” என்றேன்.

“வரேன் அங்கிள். பத்தாம் நம்பர் சட்டையத் துவைச்சு வெச்சிருக்கேன். கையோட கொண்டு வந்து கொடுத்துடட்டுமா?”

“போட்டுக்கிட்டு வா” என்றேன்.