"வீடுதானே சார்!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கிளினிக்கை மூடப்போகும் நேரம்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இடது கண்ணைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு வந்தார். கூட அவர் மனைவி.

கண் ரத்தச் சிவப்பு. தண்ணீராகக் கொட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், கருவிழியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. இரும்புத் துகள்.

"என்ன வேலை பார்த்துட்டு இருந்தீங்க?"

"அப்பாவோட பழைய புல்லட் சார். பதினஞ்சு வருஷமா ஷெட்டுல கிடக்குது. நானே ரெடி பண்ணலாம்னு, கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி சேஸிஸ்ல துரு எடுத்தேன்."

"வேலைக்கு எங்க போறீங்க?"

"கும்மிடிப்பூண்டி சிப்காட்ல, ஃபேப்ரிகேஷன். பதினெட்டு வருஷம் ஆச்சு."

"அங்க கண்ணாடி போடுவீங்களா?"

"போடாம மெஷின்கிட்டயே விடமாட்டாங்க சார்."

"வீட்டுல?"

அந்த வலியிலும் சிரித்தார். "வீடுதானே சார்!"

அந்த 'வீடுதானே'வைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. பழைய வண்டியை வீட்டில் வைத்துச் சரிசெய்வதற்கு நான் எதிரி இல்லை. சொல்லப்போனால் ரசிகன்.

புல்லட் நம்ம பக்கத்து வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, 1955-ல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமானது. ஆலை, புதுவாயலில் இருந்து சென்னை போகிற திசையில் இருக்கும் திருவொற்றியூரில்.

346 சிசி, ஒரே சிலிண்டர். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. கொஞ்சம் பொறுமையும் நல்ல ஸ்பேனர் செட்டும் இருந்தால் சாதாரண ஆளே பிரித்து மாட்டலாம். கிடைக்காத பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.

மாலை முழுக்க செல்போன் பார்க்கிற மனிதர் இரண்டு மணி நேரம் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால், மருத்துவராக எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்க.

தொழிற்சாலையில் உங்கள் கண்ணைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 35-வது பிரிவு கண் பாதுகாப்புக்கென்று வைக்கப்பட்டது. வெல்டிங் வைக்க ஹாட் வொர்க் பெர்மிட் வேண்டும். சேஃப்டி ஆபீசர் வந்து திட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஆள், அதே கிரைண்டர். லுங்கி, வெறுங்கால். பக்கத்தில் குத்தவைத்து வேடிக்கை பார்க்கும் ஆறு வயசுப் பிள்ளை. இரும்புக்குத் தெரியுமா இது வீடு என்று?

நான் பயப்படுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கண்:
துகள் விழுந்தால் கசக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போகாவிட்டால் புடவை முந்தானை, தீக்குச்சி என்று நோண்டாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்க. இரும்பு கருவிழியிலேயே தங்கினால் ஓரிரு நாளில் சுற்றிலும் துரு வளையம் பிடிக்கும். சுத்தியல், உளி வேலையில் தெறித்த துண்டு என்றால் இன்னும் அவசரம். கண்ணைத் துளைத்து உள்ளேயே போயிருக்கலாம்.

பெட்ரோல் டேங்க்:
"டேங்க் காலிதான் சார், ஓட்டையை மட்டும் வெல்டு வெச்சுக்கறேன்" என்பார்கள். காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். காற்றோடு கலந்த ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இந்த வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். டேங்க் வேலையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

பெட்ரோலை வாயால் உறிஞ்சுவது:
டியூப் போட்டு ஒரு இழு இழுப்பது நம்ம ஊர் வழக்கம். நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலே கடுமையான நிமோனியா வரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும் வழியில் அது நுரையீரலுக்குள் போகலாம். நேராக ஆஸ்பத்திரி. அதேபோல பெட்ரோலில் கை கழுவுவதையும் விடுங்க. அதிலிருக்கும் பென்சீன், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று நிரூபணமான பொருள்.

பழைய பெயிண்ட்:
அந்தக் கால பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த எமரி பேப்பரால் தேய்த்தால் அது தூசியாகி வீடு முழுக்கப் பரவும். அதே லுங்கியோடு போய்ப் பிள்ளையைத் தூக்குகிறோம். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ங்க. பிள்ளைகள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வேண்டாம். துணியைத் தனியாகத் துவைங்க.

பிரேக் டிரம்:
பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது அன்றைய வழக்கம். டிரம்மைத் திறந்ததும் 'ஃபூ' என்று வாயால் ஊதுகிறோம், இல்லை ஏர் பிடிக்கிறோம். அந்த இழைகள் நுரையீரலில் தங்கினால் நோய் வர 20, 30, 40 வருடம்கூட ஆகும். ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியை பாலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்க.

1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று. ஷெட்டில் உட்கார்ந்து ஊதுகிற உங்களுக்கு அந்தப் பதிவேட்டை யார் வைப்பார்கள்?

புகை:
பல வருடம் கழித்து இன்ஜின் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஷெட் கதவைச் சாத்திவிட்டு டியூனிங் பண்ணாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அப்புறம் நேராக மரணம். வண்டியை வெளியே தள்ளிவந்து ஸ்டார்ட் பண்ணுங்க.

துருப்பிடித்த தகடு கிழித்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு வந்து காட்டுங்கள். டிடி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "எங்க மெக்கானிக் முப்பது வருஷமா இப்படித்தான் பண்றாரு, நல்லாத்தானே இருக்காரு?"

நன்றாக இருப்பவர் கடையில் இருக்கிறார். கண் போனவரும் நுரையீரல் போனவரும் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் கண்ணில் படுவது முதல் ஆள் மட்டும்தான். என் கிளினிக்குக்கு வருவது இரண்டாவது ஆள்.

ஒரிஜினல் ஹெட்லைட் வளையத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத நாம், கண்ணாடி, கையுறை, ஷூ வாங்க சில நூறு ரூபாய்க்கு யோசிக்கிறோம். என் கருத்து எளிமையானது. புல்லட்டுக்கு வாங்குகிற முதல் ஸ்பேர், உங்களுக்கான சேஃப்டி கண்ணாடியாக இருக்கட்டும். கம்பெனியில் 'கூடாது' என்று சொல்லிக்கொடுத்த எதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

அந்த அண்ணனைச் சென்னைக்கு, கண் மருத்துவரிடம் அனுப்பினேன். துகளை எடுத்துவிட்டார்கள். சின்னத் தழும்பு, நல்லவேளையாக நடுவில் இல்லை. பார்வை தப்பியது.

போன வாரம் சுகர் டெஸ்டுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

"கண்ணாடி வாங்கிட்டேன் சார்" என்றார் பெருமையாக.

"வாங்கிட்டாரு சார். நெத்தியில போட்டுக்கிட்டு கிரைண்டர் ஓட்டுறாரு" என்றார் அவர் மனைவி.

அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு பழைய வண்டியும், நெற்றியில் கண்ணாடி மாட்டிய ஒருவரும் இருந்தால், இதைக் காட்டுங்கள்.