வயலுக்கு வரும் விருந்தாளிகளை எண்ணுவோம்

அடுத்த போகத்திற்காகச் செபராங் பிறை வயல்களில் நீர் கட்டியதும், கொக்குகளோடு சிறு பழுப்புப் பறவைகளும் கூட்டமாக வந்து இறங்குகின்றன. உள்ளான், உப்புக்கொத்தி என்று தமிழில் இவற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு. சைபீரியா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்படும் இவை, ஏறத்தாழ செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் பக்கம் தென்படுகின்றன.

இவற்றின் பயணம் வியப்புக்குரியது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. எல்லாப் பறவைகளாலும் அப்படிப் பறக்க முடியாது. பெரும்பாலானவை வழியில் இறங்கி, இரை தின்று, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் பயணத்தைத் தொடர்கின்றன.

அத்தகைய தங்குமிடம் ஒன்று பினாங்கிலேயே இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான சேற்றுக்கரையை முக்கியப் பறவைப் பகுதியாக ‘பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்’ அடையாளம் கண்டுள்ளது. கடல் வற்றும்போது பறவைகள் அங்கே புழுவும் சிறு நண்டும் தேடும். நீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை ஒதுங்க நீர் தேங்கிய வயலும் ஆழமற்ற குட்டையும் வேண்டும். கரையை மட்டும் காத்து வயலை மண் போட்டு மூடினால், பறவைக்குப் பாதி வீடுதான் மிஞ்சும்.

நிலைமை கவலைக்கிடம்தான். 2024-இல் உலகச் செம்பட்டியலில் 16 வகைக் கரையோர வலசைப் பறவைகளின் ஆபத்து நிலை உயர்த்தப்பட்டது. மலேசியக் கரைகளுக்கு வரும் சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் அவற்றில் அடங்கும்.

வீடும் தொழிற்சாலையும் நமக்குத் தேவை. ஆனால் ஒரு நிலத்தை நிரப்புவதற்கு முன், அங்கே எத்தனை உயிர்கள் ஒதுங்குகின்றன என்ற கணக்கு மேசையில் இருக்க வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் அது வெறும் ‘சும்மா கிடக்கும் நிலம்’ ஆகிவிடும்.

அந்தக் கணக்கை எடுக்க மாணவர்களால் முடியும். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது. மலேசிய இயற்கைச் சங்கத்தோடு சேர்ந்து பழகலாம். நான்கு பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும். கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சம் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போனால் பறவைகள் கரையை நெருங்கி வருவதைக் காணலாம். வயலுக்குள் செல்லுமுன் விவசாயியிடம் அனுமதி கேளுங்கள், வரப்பிலேயே நில்லுங்கள். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்தால், பயணத்திற்குச் சேர்த்த கொழுப்பைத்தான் அவை வீணே செலவழிக்கும்.

பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் இந்தப் பணிக்குப் புறப்பாடப் புள்ளி வழங்க முன்வர வேண்டும். நகர்மன்றம் அடுத்த திட்ட வரைபடத்தை விரிக்கும்போது, அதன் அருகே நம் மாணவர்கள் எடுத்த ஐந்தாண்டுக் கணக்கும் இருக்கட்டும்.