கருவின் உயிரும் சிறுமியின் வாழ்வும்

கருவை அழித்தல் பெரும் பாவமென எமது சமயங்கள் போதிக்கின்றன. அப்போதனையை நாம் மதிக்கின்றோம். ஆயினும் பாலியல் வல்லுறவினால் கருவுற்ற சிறுமிக்கு எமது நாட்டின் சட்டம் என்ன வழியைக் காட்டுகின்றது?

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கு மாத்திரமே கருக்கலைப்பை அனுமதிக்கின்றது. வல்லுறவுக்கோ, பிறந்தாலும் பிழைக்க முடியாத சிசுவைச் சுமக்கும் தாய்க்கோ அதில் விலக்கு இல்லை. இதனைத் திருத்த 1995 இல் எடுக்கப்பட்ட முயற்சி பாராளுமன்றத்தில் கைவிடப்பட்டது. 2017 இல் இவ்விரு நிலைமைகளுக்கும் விலக்களிக்க அமைச்சரவை இணங்கியபோதும், மதத் தலைவர்களின் எதிர்ப்பினால் அதுவும் கிடப்பில் போடப்பட்டது.

கருவின் வளர்ச்சியில் படிநிலைகள் உண்டென்பது புதிய வாதமல்ல. சிசு அசையத் தொடங்கிய பின்னர் கலைப்போருக்கான உச்சத் தண்டனையை இதே சட்டம் 3 ஆண்டுகளிலிருந்து 7 ஆண்டுகளாக உயர்த்துகின்றது. 120 நாட்களின் பின்னரே ரூஹ் ஊதப்படுவதாக இஸ்லாமிய சட்ட அறிஞர் பலர் கூறுவர். அதற்கு முன்னரும் தக்க காரணமின்றிக் கலைத்தல் ஆகாதென்பாரும் அவர்களுள் உளர்.

எனவே, கட்டற்ற அனுமதியை நாம் கோரவில்லை. அவ்விரு நிலைமைகளையேனும் மருத்துவர்களும் மதப் பெரியார்களும் ஒன்றாக அமர்ந்து ஆராயவேண்டும். பிறவாத உயிருக்காகக் குரல் கொடுப்போர், பிறந்து வதைபடும் சிறுமிக்காகவும் பேசக் கடமைப்பட்டுள்ளனர்.